குழப்பம் வரும் இடத்தில் பிழை காட்டுங்கள்: தமிழ் நிரல்மொழி வடிவமைப்போருக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்ச் சொற்களைக் கொண்டு நிரல்மொழி உருவாக்கிவரும் குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

முதல் பதிப்பை இன்னும் வெளியிடாமல் வைத்திருப்பவர்களை மனத்தில் கொண்டு இதை எழுதுகிறோம். நிபந்தனைக்கு எந்தச் சொல், மடக்குக்கு எந்தச் சொல் என்று நீங்கள் நெடுநேரம் விவாதிப்பது நல்லதுதான். செயற்குறிகள் (+, == போன்ற குறிகள்) என்று வந்ததும் மட்டும், "அது சி மொழியில் இருப்பதுபோல இருக்கட்டும்" என்று ஒரே வரியில் பேச்சை முடித்துவிடாதீர்கள். சொல்லைப் பின்னால் மாற்றலாம். பழையதையும் புதியதையும் சில காலம் சேர்த்தே ஏற்கலாம். எந்தக் குறி எதைவிட இறுக்கமாகப் பிணையும், அதாவது எது முதலில் கணக்கிடப்படும் என்பதை வெளியீட்டுக்குப் பிறகு அப்படி மாற்ற முடியாது. மாற்றினால் பழைய நிரல் பிழை காட்டாது. ஓடும், வேறு விடை தரும்.

எங்கள் வேண்டுகோள் ஒன்றுதான். படிக்கிறவர்கள் இரண்டு விதமாகப் புரிந்துகொள்ளக்கூடிய கோவை (மதிப்புகளும் குறிகளும் சேர்ந்த தொடர்) எதுவானாலும், முதல் பதிப்பில் அதைப் பிழையாக்கி அடைப்புக்குறி கேளுங்கள். இன்று பிழையாக இருப்பதை நாளைக்கு ஏற்றுக்கொள்ளலாம். யாருடைய நிரலும் கெடாது. இன்று ஒரு பொருள் கொடுத்துவிட்டால், நாளைக்கு அதை மாற்றும்போது எவருடைய நிரலோ சத்தமில்லாமல் கெடும்.

இந்த வரியைப் பாருங்கள்:

கொடி & 4 == 0

இதில் & இரண்டு எண்களிலும் 1 ஆக இருக்கும் பிட்டுகளை (இரும இலக்கங்களை) மட்டும் எடுக்கும்; == சமமா என்று கேட்கும். கொடி என்ற எண்ணில் 4 மதிப்புள்ள பிட் அணைந்திருக்கிறதா என்று கேட்பதாகத்தான் எவரும் இதைப் படிப்பார்கள். சி மொழியில் == குறி &-ஐவிட இறுக்கமாகப் பிணையும். எனவே முதலில் 4 == 0 கணக்கிடப்படும்; விடை 0. பிறகு கொடி & 0; அதுவும் 0. கொடியில் எந்த மதிப்பு இருந்தாலும் நிபந்தனை பொய். அந்தக் கிளை ஒருநாளும் ஓடாது.

இதைவிட மோசமான ஒன்று உண்டு. கொடி & 1 == 1 என்று எழுதினால் 1 == 1 என்பதன் மதிப்பு 1, ஆகவே கொடி & 1. விடை தற்செயலாகச் சரியாக வந்துவிடும். முதல் பிட்டை வைத்துச் சோதித்தவர் எல்லாம் ஒழுங்காக இருக்கிறது என்று நம்பி, அதே வரியைப் பார்த்து வேறொரு பிட்டுக்குக் கொடி & 4 == 4 என்று எழுதுவார். அது கொடி & 1 ஆகி, 4 மதிப்புள்ள பிட்டுக்குப் பதிலாக 1 மதிப்புள்ள பிட்டைச் சோதிக்கும். அடைப்புக்குறி போடச் சொல்லி இன்றைய சி கம்பைலர்கள் (நிரலைக் கணினிக்கு மொழிபெயர்க்கும் மென்பொருள்கள்) எச்சரிப்பது உண்மை. ஆனால் எச்சரிக்கையைப் படிக்காமல் கடந்துபோகிறவர்கள்தான் அதிகம்.

இது ஏன் இப்படி அமைந்தது என்பதற்கு, சி மொழியை உருவாக்கிய டென்னிஸ் ரிச்சியே விளக்கம் எழுதியிருக்கிறார். சி-க்கு முந்திய பி மொழியில் && கிடையாது. நிபந்தனைக்குள் வரும் & குறியே "மற்றும்" என்ற வேலையையும் பார்த்தது. அ == ஆ & இ == ஈ என்று எழுத வேண்டியிருந்ததால் & தளர்வாகப் பிணைவதே அன்று பொருத்தம். பிறகு சி-யில் && தனியாகப் பிறந்தது. அப்போதே &-ஐ ==-க்கு மேலே ஏற்றியிருக்கலாம்; ஏற்கெனவே எழுதிய நிரல்கள் கெடுமே என்று விட்டுவிட்டார்கள். அன்றைக்கு இருந்தது சில நூறு கிலோபைட் மூலநிரலும் ஏறத்தாழ மூன்று நிறுவல்களும்தான். மாற்றியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று 1982இல் ரிச்சி குறிப்பிட்டார். அதற்குள் காலம் கடந்துவிட்டது. சி++, ஜாவா, ஜாவாஸ்கிரிப்ட் எல்லாம் அந்த வரிசையை அப்படியே வாங்கிக்கொண்டன.

மூன்று நிறுவல்கள் இருந்தபோதே மாற்றத் தயங்கினார்கள் என்பதை நினைவில் வையுங்கள். உங்கள் மொழியை ஒரே ஒரு பள்ளி பயன்படுத்தத் தொடங்கினாலும் நீங்களும் தயங்குவீர்கள். தயங்கத்தான் வேண்டும்.

பின்னால் வந்த கோ, ரஸ்ட் மொழிகள் இரண்டும் &-ஐ ==-க்கு மேலே வைத்தன. இரண்டு மதிப்புகளுக்கு நடுவே வரும் இருபக்கச் செயற்குறிகளுக்குக் கோ ஐந்தே நிலைகள் வைத்தது. சி-யின் மொத்த அட்டவணையில் 15 நிலைகள். ஆனால் கோ இன்னொரு இடத்தில் சி-யிலிருந்து பிரிந்தது. 1 << 4 + 1 என்ற ஒரே எழுத்துவரிசை சி-யில் 32, கோ-வில் 17. கோ-வின் முடிவு தவறில்லை. << என்பது பிட்டுகளை இடப்பக்கம் நகர்த்தும் குறி; அது பெருக்கலுக்கு உறவு என்று பார்த்தால் நியாயமே. இரு மொழியும் தெரிந்தவர் இந்த வரியைப் பார்த்ததும் ஒரு கணம் நின்று யோசிக்க வேண்டியிருக்கிறது என்பதே எங்கள் கவலை. அந்த ஒரு கணம் நிற்கிற இடத்தில்தான் அடைப்புக்குறி வேண்டும் என்கிறோம்.

பிட் செயற்குறிகளைப் பொறுத்தவரை எங்கள் கருத்து கொஞ்சம் கடுமையானது: &, |, ^ மூன்றையும் முதல் பதிப்பில் யாருக்கும் கொடுக்காதீர்கள். தமிழில் நிரல் எழுதக் கற்பவருக்குப் பிட் கணக்கு எப்போதாவது தேவைப்படும். அப்போது சாதாரணச் செயற்கூறாக அழைக்கட்டும். குறிகளை மட்டும் லெக்ஸரில் (நிரலைச் சொல், குறி என்று துண்டாக்கும் பகுதியில்) ஒதுக்கி வையுங்கள். ^ குறியை எழுதினால் "அடுக்கு வேண்டுமென்றால் ** எழுதுங்கள்" என்று பிழைச்செய்தி சொல்லட்டும். சி++ படிக்கும் மாணவர் 2^3 என்று எழுதினால் விடை 1 வரும், ஏனென்றால் அங்கே ^ பிட் வேலை செய்கிறது. எக்செலிலும் லுவாவிலும் அதே 2^3 எட்டு.

தமிழ்நாட்டு மேல்நிலைப் பாடத்திட்டத்தில் 11ஆம் வகுப்பில் சி++, 12ஆம் வகுப்பில் பைத்தான். உங்கள் மொழிக்கு வரப்போகிறவர்களில் நிறையப் பேர் இந்த இரண்டையும் அடுத்தடுத்த ஆண்டுகளில் படித்தவர்களாக இருப்பார்கள். அவர்கள் கையோடு எதைக் கொண்டுவருவார்கள் என்று பாருங்கள். 10 > 5 > 1 என்பது சி++இல் பொய்: 10 > 5 மெய், அதாவது 1, பிறகு 1 > 1 பொய். பைத்தானில் அது மெய், ஏனென்றால் அங்கே ஒப்பீடுகள் சங்கிலியாகக் கோக்கப்படும். ‑7 % 3 (மூன்றால் வகுத்த மீதி) என்பது சி++இல் ‑1, பைத்தானில் 2. முழுஎண் வகுத்தலில் ‑7-ஐ 2-ஆல் வகுத்தால் சி++ ‑3 தரும், பைத்தானின் // குறி ‑4 தரும். ஒரே மாணவர், ஒரு வருட இடைவெளி, மூன்று முரண்கள்.

ஒப்பீட்டுக்கு ரஸ்ட் செய்ததைச் செய்யுங்கள்: அ < ஆ < இ என்று எழுதினால் பிழை. சங்கிலி ஒப்பீடு நல்ல வசதி. பயனர்கள் கேட்டால் இரண்டாம் பதிப்பில் கொடுக்கலாம், பிழையாக இருந்த வரிக்குத்தானே புதுப் பொருள் வருகிறது. மீதிக் குறிக்கு அப்படித் தள்ளிப்போட முடியாது. ஏதோ ஒரு விடை கொடுத்தாக வேண்டும். பைத்தானின் வழியை, அதாவது கீழ்நோக்கி முழுமையாக்கும் வழியைப் பரிந்துரைக்கிறோம். கிழமைகளை 0 முதல் 6 வரை எண்ணி, திங்கள் 1 என்று வைத்தால், மூன்று நாள் முந்திய கிழமை (1 - 3) % 7. பைத்தானில் 5: 1 - 3 என்பது ‑2. ‑2-ஐ ஏழால் வகுத்த மீதி 5. ஞாயிறை 0 என்று எண்ணினால் 5 வெள்ளி. விடை சரி. சி++இல் அதே கோவை ‑2 தரும். அதைக் கொண்டு பட்டியலில் தேடினால் பட்டியலுக்கு வெளியே போய் நிற்கும்.

வகுத்தலுக்கு இரண்டு குறி வேண்டும். / எப்போதும் தசம விடை தரட்டும். // முழுஎண் விடை தரட்டும். ஒரே / குறி உள்ளிடும் எண்ணின் வகையைப் பார்த்து இரண்டு வேலையும் செய்தது பைத்தானின் பழைய பிழை. 2001இல் 2.2 பதிப்பில் // வந்தது. / குறியின் பொருள் முழுதாக மாறியது 2008இல், மூன்றாம் பதிப்பில். ஒரு குறியின் பொருளை மாற்ற ஏழு ஆண்டு. // குறியை வகுத்தலுக்குக் கொடுத்தால் அதைக் குறிப்புரைக்குப் பயன்படுத்த முடியாது என்பதையும் சேர்த்தே முடிவு செய்யுங்கள். குறிப்புரைக்கு # போதும்.

அடுக்குக்குறியில் ஒரு பொறி இருக்கிறது. ‑2 ** 2 பைத்தானில் ‑4. எக்செலில் =‑2^2 என்று இட்டால் 4. கணக்குப் புத்தகம் ‑4 என்கிறது; அலுவலகத்தில் விரிதாளோடு வாழ்கிறவர் கை 4 என்கிறது. 2016இல் ** குறியைச் சேர்த்தபோது ஜாவாஸ்கிரிப்ட் இதைத் தீர்த்த விதம் எங்களுக்கு மிகவும் பிடித்தது: ‑2 ** 2 என்று எழுதினால் தொடரியல் பிழை. (‑2) ** 2 அல்லது ‑(2 ** 2), எது வேண்டுமோ அதை எழுது. 2020இல் ?? குறியைச் சேர்த்தபோதும் அதே நெறி: அதை ||, && இரண்டோடும் அடைப்பில்லாமல் கலந்தால் பிழை. சி-யிடம் வாங்கிய பழைய சுமையைச் சுமக்கும் மொழியே புதுக் குறி வரும்போது இவ்வளவு கவனமாக இருக்கிறது. உங்களுக்கோ எல்லாக் குறியும் புதுக் குறி.

சரத்தை (எழுத்துத் தொடரை) ஒட்டுவதற்கு + வேண்டாம். ஜாவாஸ்கிரிப்டில் "1" + 2 என்பது "12", "1" - 2 என்பது ‑1. இது ஒன்றே போதும். தனிக்குறி வைத்தால் அதன் நிலையையும் யோசித்து வையுங்கள். பிஎச்பி-யில் ஒட்டுக்குறி புள்ளி. நெடுங்காலம் அது +-உடன் ஒரே நிலையில் இருந்தது. "மொத்தம்: " . அ + ஆ என்று எழுதினால் முதலில் ஒட்டி, பிறகு அந்தச் சரத்தோடு ஆ-வைக் கூட்டப் பார்க்கும். 7.4 பதிப்பில் எச்சரிக்கை கொடுத்து, 2020இல் 8.0 பதிப்பில் +-ஐ மேலே ஏற்றினார்கள்.

மதிப்பிருத்தல் (மாறிக்கு மதிப்பு கொடுப்பது) கோவைக்குள் வரவே கூடாது. அது தனிக் கூற்றாக மட்டும் இருக்கட்டும். = வைத்தாலும் சரி, := வைத்தாலும் சரி, இந்த ஒன்றில் விட்டுக்கொடுக்காதீர்கள். 2003 நவம்பரில் லினக்ஸ் கர்னல் மூலநிரலின் நகல் களஞ்சியம் ஒன்றில் யாரோ இரண்டு வரி நுழைத்தார்கள். ஒரு நிபந்தனையின் பிற்பாதியில் பயனர் எண் == 0 என்று இருக்க வேண்டிய இடத்தில் ஒற்றை = மட்டும் இருந்தது. பார்வைக்கு, "பயனர் மேலாளரா?" என்ற சோதனை. உண்மையில், அழைத்தவரை மேலாளராகவே ஆக்கிவிடும் கட்டளை. இருத்திய மதிப்பு 0 என்பதால் நிபந்தனை பொய்யாகி, உள்ளே இருந்த கூற்றும் ஓடாது, தடயமே இருக்காது. முதன்மைக் களஞ்சியத்தில் இல்லாத மாற்றம் நகலில் இருப்பதைக் கண்டுதான் பிடித்தார்கள். பைத்தானிலோ கோ-விலோ அந்த வரி கம்பைலரையே தாண்டாது.

இனி லெக்ஸர். குறிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தால் அழகாகத்தான் இருக்கும். ஒட்டி எழுதும்போதுதான் வினை. லெக்ஸர் பொதுவாகக் கிடைக்கிற மிக நீளமான டோக்கனை (சொல் அல்லது குறித் துண்டை) எடுத்துக்கொள்ளும். ஆர் மொழியில் <- மதிப்பிருத்தும் குறி. அ என்பது ‑1-ஐவிடச் சிறிதா என்று கேட்க நினைத்து அ<-1 என்று இடைவெளி இல்லாமல் எழுதினால், அ-வில் 1 போய் உட்காரும், நிபந்தனையும் மெய்யாகும். ஆதி சி-யில் இன்றைய -= குறி =- என்று இருந்தது; அ=-1 என்றால் ‑1-ஐ இருத்துவதா, 1-ஐக் கழிப்பதா என்ற குழப்பம் தாங்காமல்தான் திருப்பினார்கள். சி++இல் வகைப்பெயர்களை ஒன்றுக்குள் ஒன்றாக எழுதி >> என்று மூடினால் பிட் நகர்த்தும் குறியாக எடுத்துக்கொள்ளும். 2011ஆம் ஆண்டுத் தரம் வரும்வரை நடுவில் இடைவெளி விட வேண்டியிருந்தது. ஜாவாஸ்கிரிப்டில் ?. குறி வந்தபோது அ?.5:1 என்று பழைய நிரலில் எவரேனும் எழுதியிருப்பாரே என்று, பின்னால் இலக்கம் வந்தால் ?. என்பது ஒரே டோக்கன் அல்ல என விதிவிலக்கு எழுதினார்கள்.

இதைக் கண்டுபிடிக்க எளிய வழி: உங்கள் இருபக்கக் குறிகளை ஒரு நெடுவரிசையிலும், முன்னால் ஒட்டும் குறிகளை (கழித்தல் ஒன்றுதான் இருக்கும் என்று நம்புகிறோம்) இன்னொரு நெடுவரிசையிலும் எழுதி, ஒவ்வொன்றையும் ஒட்டிப் பாருங்கள். ஒட்டியது இன்னொரு டோக்கனாக இருந்தால் அந்த டோக்கனை எடுத்துவிடுங்கள். ++, -- இரண்டும் வேண்டவே வேண்டாம். 2014இல் வந்த ஸ்விஃப்ட் அவற்றை வைத்துக்கொண்டு வந்து, 2016இல் மூன்றாம் பதிப்பில் நீக்கியது.

அடைப்பில்லாமல் செயற்கூறை அழைக்க விடுகிறவர்களுக்குத் தனியாக ஒரு சொல். பதிப்பி அ -1 என்ற வரியில் அ செயற்கூறா, மாறியா? ரூபியில் அ முன்பே மாறியாக வந்திருந்தால் கழித்தல், இல்லையென்றால் ‑1-ஐக் கொடுத்து அழைப்பு. பெயரின் வரலாற்றைப் பார்த்துத் தொடரியல் மாறினால் கற்பவர் எதைப் பிடித்துக்கொள்வார்? அழைப்புக்கு அடைப்பு கட்டாயம் என்று வையுங்கள்.

தமிழுக்கே உரிய சிக்கல்களை இங்கிருந்து பேசலாம். வேறெந்த மொழியிலிருந்தும் நகலெடுக்க முடியாத பகுதி இது. நாம்தான் யோசிக்க வேண்டும்.

தமிழ்ச் சொற்களால் ஆன எழில் என்ற நிரல்மொழி நிபந்தனையை முன்னால் வைத்து, ஆனால் என்ற சொல்லைப் பின்னால் வைத்தது. தமிழில் வினை கடைசியில்தானே வரும். அந்த முடிவு அருமையானது. அதே காரணம் சொல்லிக் கூட்டல் கழித்தலையும் பின்னால் தள்ள வேண்டாம். 2 + 3 என்பதை நம் பள்ளிப்பிள்ளைகள் அப்படியேதான் எழுதுகிறார்கள், "இரண்டு கூட்டல் மூன்று" என்றுதான் வாசிக்கிறார்கள். அங்கே மொழியின் சொல்வரிசை குறுக்கிடவில்லை.

குறுக்கிடுகிற இடம் மறுப்பு. "பாலும் சர்க்கரையும் இல்லை" என்று வீட்டில் சொன்னால் இரண்டுமே இல்லை என்று அர்த்தம். கடைக்குப் போய் இரண்டும் வாங்கி வர வேண்டும். இப்போது மறுப்பைப் பின்னொட்டாக வைத்த ஒரு நிரல்மொழியில்

பால் மற்றும் சர்க்கரை இல்லை

என்று எழுதுங்கள். இல்லை இறுக்கமாகப் பிணைந்தால்: பால் இருக்கிறது, சர்க்கரை இல்லை. தளர்வாகப் பிணைந்தால்: இரண்டும் சேர்ந்து இல்லை, அதாவது ஏதாவது ஒன்றாவது குறைகிறது. நம் பேச்சு வழக்கின் பொருளோ இரண்டிலும் கிடைக்காது. அதைப் பெற "(பால் அல்லது சர்க்கரை)" என்று எழுதி அதை மறுக்க வேண்டும். உம்மைத்தொடரை "அல்லது" ஆக்கினால்தான் நம் வாக்கியம் வருகிறது. ஆங்கிலச் சொற்கள் உள்ள மொழிகளில் மறுப்பு முன்னால் நிற்பதால் குழப்பம் இவ்வளவு கூர்மையாக இல்லை. தமிழில் மூன்று பொருள்கள் மோதுகின்றன. அவற்றில் மிக இயல்பானது எந்த முன்னுரிமை எண்ணாலும் கிடைக்காதது. எந்த எண் கொடுத்தாலும் ஒரு பகுதியினர் ஏமாறுவார்கள். ஆகவே மற்றும், அல்லது இரண்டின் வலப்பக்கத்தில் மறுப்பு வந்தால் அடைப்பைக் கட்டாயமாக்குங்கள். "பால் மற்றும் (சர்க்கரை அல்ல)" ஏற்கப்படட்டும்; அடைப்பு இல்லாதது பிழையாகட்டும்; பிழைச்செய்தி இரண்டு வடிவத்தையும் எழுதிக் காட்டி எது வேண்டும் என்று கேட்கட்டும்.

மறுப்புக்கு "இல்லை" என்ற சொல்லைவிட "அல்ல" மேல் என்பது எங்கள் எண்ணம். எழிலில் "இல்லை" மாற்றுக் கிளையைத் தொடங்கும் சொல். அந்த மொழியிலிருந்து வருகிறவருக்கு ஒரே சொல் இரண்டு வேலை செய்வது வீண் சிரமம்.

அடுத்தது "அல்லது". "எண் 1 அல்லது 2 ஆனால்" என்பது குறையே இல்லாத தமிழ் வாக்கியம். அதனால் எண் == 1 அல்லது 2 என்று எல்லாரும் எழுதத்தான் போகிறார்கள். சி++இலும் பைத்தானிலும் இது பூச்சியமல்லாத 2-ஐ மெய்யென்று எடுத்துக்கொண்டு எப்போதும் நிறைவேறும். மற்றும், அல்லது, அல்ல மூன்றும் மெய், பொய் என்ற மதிப்புகளை மட்டும் ஏற்கட்டும். எண்ணைக் கொடுத்தால், "வலப்பக்கம் 2 ஒரு எண்; எண் == 1 அல்லது எண் == 2 என்று எழுத நினைத்தீர்களா?" என்று கேளுங்கள். இடப்பக்கத்திலேயே விடை தெரிந்துவிட்டால் வலப்பக்கத்தைத் தொடக்கூடாது என்பதையும் ஆவணத்தில் எழுதிவையுங்கள், எண்!= 0 மற்றும் 10 / எண் > 2 என்ற வரி அதை நம்பித்தான் நிற்கிறது.

மற்றும், அல்லது இரண்டையும் அடைப்பில்லாமல் கலப்பதையும் தடுக்கச் சொல்வோம். "மற்றும்" இறுக்கமானது என்பது நிரலாளர் மனப்பாடம் செய்த ஒன்று. தமிழ் வாக்கியத்தில் அப்படி ஒரு விதி இல்லை.

விசைப்பலகை. தமிழ்99 அமைப்பில் சாய்கோட்டு விசையில் ழ இருக்கிறது. சதுர அடைப்புக்குறி விசைகளில் ச, ஞ. அரைப்புள்ளியில் ந, ஒற்றை மேற்கோளில் ய. தமிழ்ப் பெயர் வைத்த மாறிகளை எழுதிக்கொண்டே போகிறவர் வகுத்தல் குறி போட ஒவ்வொரு முறையும் விசைப்பலகையை மாற்ற வேண்டும். மறந்தால் விலை/2 என்பது விலைழ2 ஆகி, "விலைழ2 என்ற மாறி இல்லை" என்ற பிழை வரும். கற்பவருக்கு அது புரியவே புரியாது. ஒலியியல் முறையில் தட்டச்சு செய்கிறவர்களுக்கு இந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை. தமிழ்99 ஆட்களுக்காக இவ்வளவாவது செய்யுங்கள்: கூற்றை முடிக்க அரைப்புள்ளி கேட்காதீர்கள், சரத்துக்கு ஒற்றை மேற்கோளைக் கட்டாயமாக்காதீர்கள், அறியாத மாறியின் நடுவில் ழ இருந்து, அதன் இடப்பக்கப் பகுதி அறிந்த மாறியாக இருந்தால், "/ என்று எழுத நினைத்தீர்களா?" என்று சேர்த்துச் சொல்லுங்கள். பத்து வரி நிரல் போதும்.

சொற்களே செயற்குறியாகும்போது எழுத்துக் குறியாக்கமும் உங்கள் பொறுப்பு. "கொ" என்பதை க-வோடு ஒரே குறியாகவும் அனுப்பலாம், ெ, ா என்ற இரண்டு துண்டாகவும் அனுப்பலாம். திரையில் வேறுபாடு தெரியாது, லெக்ஸருக்கு வேறு சொல். யூனிகோடின் இயல்பாக்கத்தை (ஒரே எழுத்தின் வெவ்வேறு வடிவங்களை ஒன்றாக்குவதை) உள்ளீட்டில் முதல் வேலையாகச் செய்தால் இது தீரும். "கௌ" எழுத வேண்டிய இடத்தில் ெ, ள என்று இரண்டு எழுத்தாக எழுதுவது மட்டும் தீராது, ஏனென்றால் ள தனி எழுத்து. எனவே ஔகாரம் வரும் சொல்லைச் செயற்குறியாகவோ சிறப்புச் சொல்லாகவோ வைக்காதீர்கள். உங்கள் கம்பைலரை எந்த மொழியில் எழுதினாலும் அதன் "எழுத்தா?" என்ற சோதனையை அப்படியே நம்பவும் வேண்டாம். கோ மொழியின் அடையாளப்பெயர் விதி எழுத்து, இலக்கம் இரண்டை மட்டும் ஏற்கும். உயிர்மெய்க் குறிகளும் புள்ளியும் யூனிகோடில் வேறு வகை என்பதால் அங்கே ஒரு மாறிக்கு "விலை" என்று பெயர் வைக்க முடியாது.

வாட்ஸ்அப்பிலிருந்தும் வேர்டிலிருந்தும் ஒட்டப்படும் நிரலில் கழித்தல் குறி நீண்ட கோடாகவும், மேற்கோள் வளைந்தும் வரலாம். அவற்றைத் தெரியாத எழுத்து என்று தள்ளாமல், எந்த வரியில் எந்த இடத்தில் எந்தக் குறி மாறியிருக்கிறது என்று பெயர் சொல்லிக் காட்டுங்கள். தானாகத் திருத்தி ஓட்ட வேண்டாம். சரத்துக்குள் இருப்பதையும் திருத்திவிடும் ஆபத்து உண்டு.

செயல்படுத்துவது கடினமல்ல. முன்னுரிமை என்பது எழுதாத அடைப்புக்குறிதான். 1957இல் வந்த முதல் ஃபோர்ட்ரான் கம்பைலர் அதை நேரடியாகவே செய்தது: கோவையின் தொடக்கத்தில் (( சேர், முடிவில் )) சேர், + வந்தால் ))+(( என்று மாற்று, * வந்தால் )*( என்று மாற்று, / வந்தால் )/( என்று மாற்று. அ * ஆ + இ / ஈ என்பது ((அ)*(ஆ))+((இ)/(ஈ)) ஆகிவிடும். தாளில் ஒருமுறை போட்டுப் பாருங்கள்.

இன்றைக்கு வாகன் பிராட் 1973இல் விளக்கிய முறை போதும். ஒவ்வொரு குறிக்கும், அது தன் இருபக்கத்தையும் எவ்வளவு இறுக்கமாகப் பிடிக்கும் என்று காட்ட, இடப்பிடி, வலப்பிடி என்று இரண்டு எண். அல்லது 10, 11. மற்றும் 20, 21. ஒப்பீடுகள் 30, 31. கூட்டல் கழித்தல் 40, 41. பெருக்கல், இரு வகுத்தல், மீதி 50, 51. முன்னொட்டுக் கழித்தலின் வலப்பிடி 60. ** குறிக்கு 71, 70. அழைப்பும் பின்னொட்டு "அல்ல"வும் 80. வலப்பிடி ஒன்று கூடினால் இடமிருந்து சேரும், ஒன்று குறைந்தால் வலமிருந்து சேரும். 2 ** 3 ** 2 அதனால் 512 ஆகும்.

தடைகளை இந்த எண்களுக்குள் திணிக்காதீர்கள். தனியாக ஒரு சோதனை வையுங்கள்: கோவையை மர வடிவில் கட்டி, அந்த மரத்தின் கணு ஒன்றை உருவாக்கும்போது அதன் பிள்ளைக் கணு தடைசெய்த இணையாக இருந்து, அடைப்புக்குள்ளும் இல்லையென்றால் பிழை. இதற்கு ஒரு முன்தேவை இருக்கிறது. பலர் இங்கேதான் சறுக்குகிறார்கள். பார்ஸர் (டோக்கன்களை மரமாகக் கட்டும் பகுதி) அடைப்பைப் படித்ததும் தூக்கி எறிந்துவிடும். மரத்தில் (அ < ஆ) < இ என்பதும் அ < ஆ < இ என்பதும் ஒன்றாகிவிடும். அடைப்பு இருந்தது என்ற ஒரு பிட் தகவலைக் கணுவில் வைத்துக்கொள்ளுங்கள். நிரலை ஒழுங்கமைக்கும் கருவி எழுதும்போதும் அது தேவைப்படும்.

பயனரே புதுச் செயற்குறி உருவாக்கும் வசதியை முதல் பதிப்பில் சேர்க்காதீர்கள். வேறு கோப்பில் உள்ள அறிவிப்பைப் படித்த பிறகே இந்தக் கோப்பின் கோவைகளுக்கு மரம் கட்ட முடியும் என்ற நிலை வரும். ஸ்விஃப்ட் முதலில் 0 முதல் 255 வரை முன்னுரிமை எண் கொடுக்கவிட்டு, மூன்றாம் பதிப்பில் அதைக் கைவிட்டு, குழுக்களுக்கிடையே உறவு அறிவிக்கும் முறைக்கு மாறியது.

கடைசியாக, சோதனை. **, *, /, //, %, +, -, ==, !=, <, <=, >, >=, மற்றும், அல்லது: இருபக்கக் குறிகள் 15. எந்த இரண்டும் அடுத்தடுத்து வரலாம் என்பதால் அ ▢ ஆ ▢ இ என்ற வடிவில் 225 வரிகள். ஒவ்வொன்றுக்கும் எதிர்பார்க்கும் மரம் எது, அல்லது எதிர்பார்க்கும் பிழைச்செய்தி எது என்று ஒரு கோப்பில் எழுதுங்கள். முன்னொட்டுக் கழித்தலுக்கும் பின்னொட்டு மறுப்புக்கும் இன்னொரு அறுபது வரி ஆகலாம். அந்தக் கோப்பைக் கம்பைலருக்கு முன்பே பொதுவில் வையுங்கள். நிரல் தெரியாத தமிழாசிரியர் ஒருவரிடமும் கணக்காசிரியர் ஒருவரிடமும் கொடுத்து, ஒவ்வொரு வரியையும் அவர்கள் எப்படிப் படிக்கிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். இருவரும் வேறுபடும் வரிகளைப் பிழைப் பக்கத்துக்கு மாற்றுங்கள். அந்த 225 வரிகளையும் எழுதித் தரவும், நீங்கள் அனுப்பும் அட்டவணையை வரிவரியாகச் சரிபார்க்கவும் நாங்கள் தயாராக இருக்கிறோம்.

அன்புடன்,
கம்பைலர் வேலையில் இருக்கும் சில தமிழ் நிரலாளர்கள்